மகள்கள் இருக்க அற்றுப்போன பட்டம்

1843ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'டார்செட் டியூக்' என்ற பட்டம் அற்றுப்போனது. 1720இல் லயனல் சாக்வில் என்பவருக்கு அரசர் அளித்த பட்டம் அது. 123 ஆண்டுகளில் ஐந்து ஆண்கள் அதைச் சூடினார்கள். ஐந்தாமவர் மணமாகாதவர். அவர் இறந்ததும், பிரபுக்களின் வம்சாவளியைத் தொகுக்கும் நூல்கள் அந்தப் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல்லை எழுதி முடித்துக்கொண்டன. ஆங்கிலத்தில் அவர்கள் எழுதும் அந்தச் சொல், பூண்டோடு அழிந்த உயிரினங்களுக்கும் அவிந்துபோன எரிமலைகளுக்கும் வழங்கும் அதே சொல்.

அந்த ஆண்டில் மூன்றாம் டியூக்கின் மகள்கள் இருவர் உயிரோடு இருந்தார்கள். மூத்தவர் மேரி 1864 வரை வாழ்ந்தார். இளையவர் எலிசபெத் 1870 வரை வாழ்ந்தார். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளைப் பெற்றவர். இவர்களுடைய ஒரே சகோதரன், நான்காம் டியூக், 1815இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து 21 வயதில் இறந்தான். அப்போது பட்டம் உடன்பிறந்த இந்த இருவரையும் தாண்டி, அப்பாவின் சித்தப்பா மகனைத் தேடிப் போனது. அவரும் இறந்தபோது, இவர்கள் இருவரையும் மீண்டும் ஒருமுறை தாண்டி, சூனியத்துக்குள் போய் விழுந்தது. 'யாரும் இல்லை' என்பதற்கு அங்கே பொருள், 'பெண்கள்தான் இருக்கிறார்கள்' என்பது.

நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் "பிள்ளை இல்லைங்க, ரெண்டு பொண்ணு" என்று பதில் சொல்கிற மொழி நம்முடையது. ஆனால் நம்மிடம் பேச்சில் கிடக்கும் கணக்கை இங்கிலாந்து எழுதிவைத்து, முத்திரையிட்டு, நீதிமன்றத்தில் வாதாடி நடத்தியது. எழுதப்பட்ட கணக்கில் ஒரு வசதி உண்டு. அது எங்கே பிசகுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

பெரும்பாலான ஆங்கிலப் பிரபுப் பட்டங்கள் அரசர் தரும் பட்டயத்தால் உருவாகின்றன. அந்தப் பட்டயத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இன்னாருக்கும், அவருடைய உடலிலிருந்து முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கும். ஒவ்வொரு சொல்லும் ஒரு வாசற்கதவு. 'உடலிலிருந்து' என்பது தத்தெடுத்தவர்களை வெளியே நிறுத்தும். 'முறைப்படி' என்பது மணமுறைக்கு வெளியே பிறந்தவர்களை நிறுத்தும். 'ஆண்' என்பது மகளை நிறுத்துவதோடு மகளின் மகனையும் நிறுத்தும். அவன் ஆணாக இருந்தும் பயனில்லை. ஒரு பெண்ணின் வழியாக வந்துவிட்டான்.

இதைவிடப் பழைய வகைப் பட்டங்களும் உண்டு. மத்திய கால அரசர்கள் பாராளுமன்றத்துக்கு விடுத்த அழைப்பாணைகளிலிருந்து வந்தவை அவை. அவற்றை மகளும் பெறலாம், மகன் இல்லாவிட்டால் மட்டும். மகன்களுக்குள் மூத்தவன் முழுவதையும் எடுத்துக்கொள்வான். மகள்களுக்குள் மூத்தவள் இளையவள் என்ற பேதமே கிடையாது. எல்லோருக்கும் சம உரிமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பட்டத்தைத் துண்டு போட முடியாது என்பதால், இரண்டு மகள்கள் இருந்தால் பட்டம் இருவருக்கும் கிடைக்காமல் கிடப்பில் போடப்படும். அரசர் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும்வரை, அல்லது மற்றவர்களின் வழி முழுவதும் மறைந்து ஒரே ஒரு வாரிசு மிஞ்சும்வரை, சில வேளை நூற்றாண்டுக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். பெண்களுக்குச் சமத்துவம் தந்த ஓரிடத்தில் அந்தச் சமத்துவமே அவர்களைத் தடுத்தது.

டார்செட் பட்டத்தோடு சேர்ந்த வீட்டின் பெயர் நோல். கென்ட் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த ஒரே வீட்டில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், வாரிசுச் சட்டம் எவற்றையெல்லாம் அவர்களிடமிருந்து பறித்தது என்பது தெரியும்.

முதலாமவர் ஆன் கிளிஃபர்ட், 1590இல் பிறந்தவர். கம்பர்லாந்து ஏர்லின் பிழைத்திருந்த ஒரே பிள்ளை. 1605இல் அப்பா இறந்தபோது நிலங்களையும் கோட்டைகளையும் தம் தம்பிக்கு எழுதிவைத்து, மகளுக்கு 15,000 பவுண்டு ஒதுக்கினார். அந்த நிலங்களோ, பழைய ஏற்பாட்டின்படி, ஆண் பெண் பாராமல் நேர் வாரிசுக்குச் சேர வேண்டியவை. ஆன் வழக்காடினார். அவரை மணந்து நோலுக்கு அழைத்துவந்த டார்செட் ஏர்லுக்கு (டியூக் பட்டத்துக்கு முன்பு அந்தக் குடும்பத்திடம் இருந்த பட்டம் இது) நிலத்தைவிட ரொக்கம் தேவைப்பட்டது. மனைவியைப் பணிய வைக்க மகளை அவரிடமிருந்து பிரித்து அனுப்பினார். 1617இல் அரசர் முதலாம் ஜேம்ஸ் நேரில் தீர்ப்புச் சொன்னார்; சித்தப்பாவுக்குச் சாதகமான தீர்ப்பு. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஆன் ஒப்புக்கொள்ளவில்லை. 1643இல் சித்தப்பாவின் மகனும் ஆண் வாரிசின்றி இறந்து, கம்பர்லாந்து ஏர்ல் பட்டம் அற்றுப்போன பிறகுதான் நிலம் அவர் கைக்கு வந்தது. வடக்கே போய் ஸ்கிப்டன், ஆப்பிள்பி, புரூம் கோட்டைகளைப் பழுதுபார்த்து, 86 வயதுவரை தம் நிலத்தைத் தாமே ஆண்டார். அவருக்குக் கிடைத்தது நீதியன்று. ஆண்கள் தீர்ந்துபோனார்கள், அவ்வளவுதான்.

அடுத்தவர்கள் மேரியும் எலிசபெத்தும். இவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. நிலத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம், பட்டத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அதனால் நோல் வீடு தாயின் காலத்துக்குப் பின் இவர்களிடம் வந்தது, பெயர் வரவில்லை. 1864இல் எலிசபெத்துக்குத் தனியாக 'பக்ஹர்ஸ்ட்' என்ற சிறிய பட்டம் ஒன்று தரப்பட்டது, அவருக்குப் பின் அது அவருடைய இளைய மகன்களுக்குப் போகும் என்ற ஏற்பாட்டோடு. ஆற்றைக் கடக்கும்வரைதான் பாலம்.

அவருடைய பேரன் பேத்தி தலைமுறையில் 'முறைப்படி' என்ற சொல் வேலை செய்தது. எலிசபெத்தின் மகன் லயனல், சாக்வில் பிரபு ஆனவர், பெப்பிட்டா என்ற ஸ்பானிய நடனக்காரியோடு வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்றார். பெப்பிட்டாவுக்கு ஏற்கெனவே கணவன் இருந்தான். மகன் ஹென்றி தானே வாரிசு என்று வழக்குப் போட்டு 1910இல் தோற்றான். அவனுடைய அக்கா விக்டோரியாவோ, அடுத்து வாரிசான ஒன்றுவிட்ட சகோதரனை மணந்து நோலின் தலைவியாக இருந்தார். அதாவது, தன் பிறப்பு முறையற்றது என்று நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அவர் தன் வீட்டில் தொடர்ந்து இருக்க முடியும். ஒரு பெண் தன் தாயின் அவமானத்தின்மேல் நின்று குடும்பம் நடத்தும்படி ஒரு சட்டம் அமைந்திருந்தது.

விக்டோரியாவின் ஒரே மகள் விட்டா சாக்வில்-வெஸ்ட், கவிஞர். 1892இல் நோலில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். 1928 ஜனவரியில் அப்பா இறந்தார். வீடும் பட்டமும் சித்தப்பாவுக்குப் போயின. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் பெண்கள் ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்குரிமை பெற்றார்கள். அக்டோபரில் வர்ஜீனியா வுல்ஃப் 'ஆர்லாண்டோ'வை வெளியிட்டு விட்டாவுக்குக் காணிக்கையாக்கினார். ஆணாகப் பிறந்து இடையில் பெண்ணாக மாறி நூற்றாண்டுகளைக் கடந்து வாழும் ஒரு பிரபுவின் கதை. பெண்ணாக மாறியதும் அவர்மேல் சொத்து வழக்குகள் வந்து விழுகின்றன. விட்டாவிடமிருந்து சட்டம் பறித்த வீட்டை அந்த நாவல் எழுத்தில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது.

கற்பனை என்று இதை விட்டுவிட முடியாது. பாலின மாற்றத்தைச் சட்டப்படி ஏற்கும் பிரிட்டனின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், அப்படி மாறுவதால் பிரபுப் பட்டங்களின் வாரிசுரிமை மாறாது என்று தனிப் பிரிவு ஒன்றில் சொல்கிறது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாரான அரசு இதை மட்டும் மறக்காமல் காப்பாற்றிக்கொண்டது. அதே 2004இல் ஆறாம் சாக்வில் பிரபு இறந்தார். அவருக்கு ஐந்து மகள்கள். பட்டம் தம்பி மகனுக்குப் போனது. 2013இல் அரச குடும்பத்தின் வாரிசு முறையைத் திருத்தி, மூத்தவள் பெண்ணானாலும் அவளே அடுத்து என்று ஆக்கினார்கள். பிரபுப் பட்டங்களை அந்தத் திருத்தம் தொடவில்லை.

இதையெல்லாம் ஒருமுறை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அம்மா, யாரோ ஒரு சீமாட்டிக்குப் பட்டம் கிடைக்கலைன்னா நாம எதுக்கு வருத்தப்படணும்? அந்தப் பட்டமே அநியாயம்தானே?"

தட்டிக்கழிக்கக்கூடாத கேள்வி. அநியாயமான ஒன்றில் சம பங்கு கேட்பது நியாயமா? திருடன் ஒருவன் திருடியதை மகன்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு அதில் உரிமை இல்லை, மகன்களுக்கும் இல்லை. ஆனாலும் அவளை விலக்குவதன் மூலம் அவன் இன்னொன்றையும் சொல்கிறான்: 'நீ என் தொடர்ச்சி அல்ல.' அது பொய். பொருள் திருட்டுப் பொருள் என்பதால் அந்தப் பொய் உண்மையாகிவிடாது. பெறத் தகாத ஒன்றை மறுக்கும்போதும் ஒருத்திக்கு அநீதி இழைக்க முடியும். ஆனால் அந்த அநீதிக்கு மருந்து, அவளுக்கும் ஒரு பங்கு தருவதாக இருக்க முடியாது.

இதற்குச் சான்று விதிவிலக்குகளிலேயே இருக்கிறது. போரில் வென்ற மார்ல்பரோ டியூக்குக்கு மகன் எவரும் மிஞ்சாததால், 1706இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றி மகள் வழியைத் திறந்தது. 1722இல் மகள் ஹென்ரியேட்டா தன் உரிமையிலேயே மார்ல்பரோ டச்சஸ் ஆனார். நமக்குத் தெரிந்த மவுண்ட்பேட்டனுக்கும் மகன் இல்லை. அவருக்கு 1947இல் ஏர்ல் பட்டம் தந்தபோது மகள்களுக்குச் செல்லும்படியே எழுதினார்கள். 1979இல் மூத்த மகள் அதைப் பெற்றார். ஆக, 'முடியாது' என்பது பொய். ஒரு பெரிய மனிதரின் பெயர் அழியக்கூடாது என்றால் முடியும். அங்கேயும் காப்பாற்றப்பட்டது தந்தையின் பெயர். மகள் அதைச் சுமந்துபோய் ஓர் ஆணிடம் சேர்க்கக் கிடைத்த வழி.

அப்படியானால் மாணவி சொன்னதுபோல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாமா? நான் ஒதுக்கமாட்டேன். ஒரு பட்டத்துக்குள் மூன்று பொருள்கள் கட்டிவைக்கப்பட்டிருந்தன: பெயர், நிலம், அதிகாரம். இவற்றைப் பிரித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

லேடி ராண்டா என்று அறியப்பட்ட மார்கரெட், வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1918இல் தந்தையின் பட்டம் சிறப்பு ஏற்பாட்டால் அவருக்கு வந்தது. பட்டத்தோடு பிரபுக்கள் சபையில் இருக்கையும் வேண்டும் என்று கேட்டார். 1922இல் சபையின் குழு முதலில் ஒப்புக்கொண்டு, பின் மறுத்தது. அவர் கேட்டது ஆபரணம் அன்று. பெண்கள்மேல் சட்டம் இயற்றும் சபையாக அது இருந்தவரை, அதன் கதவைத் தட்டுவது அரசியல். ஆயுட்காலப் பிரபுக்களாகப் பெண்களை அனுமதிக்கும் சட்டம் வந்த 1958ஆம் ஆண்டிலேயே அவர் இறந்தார். பரம்பரைப் பட்டமுள்ள பெண்களுக்கு 1963இல்தான் இருக்கை கிடைத்தது. அவருடைய கோரிக்கையோடு நான் நிற்கிறேன். நிலத்துக்காக நின்ற ஆன் கிளிஃபர்டோடும் நிற்கிறேன். கணவன் கையை எதிர்பார்க்காமல் வாழ அன்று வேறு வழி இருக்கவில்லை. வெறும் பெயருக்காக யாரோடும் நிற்க எனக்கு மனம் இல்லை. மேரி ஆறாம் டியூக்காக ஆகியிருந்தால் யாருக்கு என்ன விடிந்திருக்கும்?

ஒரு எச்சரிக்கை மட்டும். 'அமைப்பே அநியாயம், அதில் உனக்கென்ன பங்கு' என்ற அறிவுரை பெரும்பாலும் மகளிடம்தான் சொல்லப்படுகிறது. மகன் பெற்றுக்கொண்டு போகிறான். அவனிடம் யாரும் துறவு பேசுவதில்லை. துறவை முதலில் அவனிடமிருந்து தொடங்கட்டும்.

நோல் வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். ஆன் கிளிஃபர்ட் அங்கே வாழ்ந்த காலத்தில், 1613க்கும் 1624க்கும் இடையில், அந்த வீட்டில் யார் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒரு பட்டியல் எழுதப்பட்டது. விட்டா தம் குடும்ப வரலாற்று நூலில் அதை எடுத்துப் போட்டிருக்கிறார். சலவைப் பெண்களின் பந்தியில் கிரேஸ் ராபின்சன் என்று ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்தில், கறுப்பினத்தவள் என்ற குறிப்பு. வழக்காடிய சீமாட்டியின் துணிகளையும் துவைத்த கூட்டத்தில் அவளும் இருந்திருப்பாள். எந்த ஊரிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்பதைப் பட்டியல் சொல்லவில்லை.

டார்செட் வம்சம் அற்றுப்போனது என்று நூல்கள் எழுதின. அது பொய் என்று நான் இத்தனை நேரம் வாதாடினேன். ஆனால் அற்றுப்போனது என்று எழுதப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. கிரேஸ் ராபின்சனுக்குப் பிள்ளை பிறந்ததா, அவர்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று எந்த வம்சாவளி நூலும் பக்கம் ஒதுக்கவில்லை. எண்ணத் தொடங்கியிருந்தால்தானே முடிந்தது என்று எழுத முடியும்.