பெல்ட்டில் ஒரு புது ஓட்டை

மாமாவின் பெல்ட்டில் புதிதாகப் போட்டிருந்த ஓட்டை வட்டமாக இல்லை. ஆணியைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்தியிருந்தார். ஓரம் கருகிக் கோணலாக இருந்தது. கல்யாணப் பந்தியில் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா மாப்ளே, சுகர் வந்ததும் ஒரு நல்லதுக்குத்தான். வேட்டியே இடுப்புல நிக்க மாட்டேங்குது."

அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை என்று தெரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் பாயசத்தை ஒதுக்கியதைப் பார்த்து, என்ன கட்டுப்பாடு என்று பந்தியே மெச்சியது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. கணையத்தில் புற்று.

சாவு வீட்டில் பார்த்ததெல்லாம் எனக்கு மங்கிவிட்டது. அந்த ஓட்டை மட்டும் மங்கவில்லை. பாயசத்தை விட்டதால் இளைத்தாரா, உள்ளே வளர்ந்தது இளைக்க வைத்ததா? கட்டுக்கு அடங்காத சர்க்கரையே ஆளை உருக்கிவிடும். பெல்ட்டைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிப்பது?

சிறுவயதில் எங்கள் ஊரில் சர்க்கரையைக் கண்டுபிடித்தவை எறும்புகள். தாத்தா கொல்லைப்புறம் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்துவரப் பாட்டி எங்களைத்தான் அனுப்புவாள். பழைய வைத்திய நூல்களிலும் இந்த அடையாளம் உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் ஓடி வந்து "மொய்க்குது ஆத்தா" என்று கத்தியது ஏதோ திருவிழாச் சேதி போல. பாட்டி கலங்கவில்லை; சோற்றைக் குறைத்து, அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஓர் அடையாளம், ஒரு நோய். அதற்கு அப்பால் இன்னொரு நோய் நிற்கலாம் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

சர்க்கரையையும் புற்றையும் சேர்த்து நினைக்கும்போது, எப்போதோ படித்த ஓட்டோ வார்பர்க்கின் கதையும் அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி, 1931இல் நோபல் பரிசு பெற்றவர். தந்தை வழியில் யூதர். ஆனாலும் ஹிட்லர் காலம் முழுக்க ஜெர்மனியிலேயே ஆய்வு செய்தார். ஆள்பவர்களுக்குப் புற்றுநோய் மேல் இருந்த பயம்தான் அவரைக் காத்தது என்பார்கள். புற்றுச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குவதை 1920களில் கவனித்தவர் அவர். இன்றைய பெட் ஸ்கேனும் இந்தப் பசியை நம்பித்தான் நடக்கிறது: கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் செலுத்தினால், புற்று இருக்கும் இடம் ஒளிரும்.

இதைக் கேட்டவர்கள் காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டுப் புற்றைப் பட்டினி போட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நாம் தின்னாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். சர்க்கரை நோயையும் புற்றையும் இணைக்கும் விஷயம் இன்சுலினிலும் இருக்கிறது. டைப் 2 சர்க்கரையில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கிறது. இன்சுலினோ செல்களை வளரத் தூண்டும் ஹார்மோன். கூடவே தொப்பை, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. கல்லீரல், கணையம், கருப்பையின் உட்படலம் ஆகியவற்றில் புற்று வரும் ஆபத்து சர்க்கரைக்காரர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பையில் அதைவிடக் குறைவான கூடுதல். வேடிக்கை என்னவென்றால், புராஸ்டேட் புற்று மட்டும் அவர்களுக்குக் குறைவு.

கணையத்தில் கதை தலைகீழாகவும் நடக்கும். இன்சுலின் சுரக்கும் இடமே அது என்பதால், அங்கே புற்று முளைத்தால் சர்க்கரை அதன் முதல் அறிகுறியாக வரலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களை மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள்: மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரியவந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கில்தான் நான் சிக்கிக்கொள்கிறேன். அந்த ஒருவரைப் பிடிக்க மற்ற எல்லோரையும் ஸ்கேன் மிஷினுக்குள் தள்ளுவதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023இல் சொன்ன கணக்குப்படி நம் நாட்டில் சர்க்கரைக்காரர்கள் 10 கோடிக்கு மேல். அத்தனை வீட்டிலும் புற்றுப் பயத்தைக் கொண்டுபோய் வைப்பது வைத்தியமா? தள்ளாமல் விட்டால், அந்த ஒருவர் என் மாமாவாக இருந்துவிடுகிறார். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? கணையப் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகே வெளியே தெரியும் நோய். அடுப்படியில் ஆணியைக் காய்ச்சியபோது அவருக்கு இருந்த சந்தோஷத்தை ஒரு ரிப்போர்ட்டைக் காட்டிப் பிடுங்கியிருக்க வேண்டுமா? ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் வேண்டாம் என்று. இரண்டில் எது சரி என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, எடையும் இறங்கிக்கொண்டே போனால், பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். எடை இறங்குவதை டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.