கேட்பாரற்ற பிக்குவும் நம் மாணாக்கரும்



விநய பிடகத்து மகாவக்கத்திலே ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. வயிற்றுக்கடுப்பால் நலிந்த பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே வீழ்ந்து கிடந்தார். ஆனந்தருடன் உறைவிடங்களைச் சுற்றிவந்த பகவன் அவரைக் கண்டு, பணிவிடை செய்வார் இல்லையோ என வினவினார். இல்லை என்றார் பிக்கு. தம்மால் ஏனைய பிக்குகட்கு யாதொரு பயனும் இன்மையால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்பதே அவர் கூறிய காரணம். பகவன் நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் ஒருவரும் காற்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே பகவன் சங்கத்தைக் கூட்டி, நோயாளரைப் பேணுவது தம்மைப் பேணுவதே என்று உரைத்தருளினார். கை முந்திற்று, உபதேசம் பிந்திற்று.

சிவாஜிநகர் வாசிகளாகிய நமக்கு இஃது அயலார் கதையன்று. ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளில் மூட்டை சுமந்தும், தெருக்கூட்டியும், துணி தைத்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். பிள்ளையோ, வாயிலிற் சாக்கடை அடைத்து நின்றால், "எனக்குப் பரீட்சை" என்று தாண்டிச் செல்கிறான். இதனால் எனக்கென்ன பயன் என்று அன்றைய பிக்குகள் எண்ணியதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. இதிற் சேரும் மாணாக்கர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழுநாள் முகாமும் உண்டு. மரக்கன்று நட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவோர் சிலர். அவர்களையும் நாம் இகழோம். மண்வெட்டி பிடித்த கை ஒருநாளேனும் காய்த்திருக்குமன்றோ! ஆயினும், முகாமுக்கென அயலூர் சென்று ஏழுநாள் உழைத்தவன் தன் வீட்டுப் பின்சந்தை எட்டியும் பாராதது நமக்கு விளங்கவில்லை.

1956 மார்ச் 18ஆம் நாள் ஆக்ராவிற் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், படித்தோர் சமூகத்துக்கு உழைப்பர் என நம்பித் தாம் ஏமாந்ததாகவும், தம் வயிறு நிரப்பும் குமாஸ்தாக் கூட்டத்தையே காண்பதாகவும் மனம் நொந்தார். அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்மம் தழுவினார். டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். அந்த மனக்குறை தீராமலே மறைந்தார் என்பதை நம் பட்டதாரிகள் உணர்வார்களாக.

இந்நகரில் 2015இல் தேர்ந்தெடுக்கப்பெற்ற மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. வட்டத்துக்கு உறுப்பினரே இல்லாத அக்காலத்திற் குழாயில் நீர் வாராத மூதாட்டி யாரிடம் முறையிடுவாள்? அலுவலகத்துக்கு எழுதலாமெனின், அவளுக்குத் தெரிந்தது தமிழ். அங்கே வேண்டுவது கன்னடம். அதனைப் பள்ளியிலேயே கற்ற பேரன் அடுத்த அறையில் அமர்ந்திருக்கிறான்!

ஆகவே மாணாக்கரை நாம் வேண்டுவது ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமே. தெருத்திண்ணையில் அமர்ந்து முதியோர்க்குக் கன்னடத்தில் மனு எழுதித் தருக. பதினெட்டு நிரம்பியோரை வாக்காளர் பட்டியலிற் சேர்க்க ஆறாம் எண் படிவம் நிரப்புக. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் அதற்குத் தகுதிநாட்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் பெறாது திரும்பற்க. முத்திரையில்லா மனுக்கள் மூன்றை நாமே இழந்திருக்கிறோம்.