சட்டம் காத்த குடும்பம்

மேலைநாட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது, நம் குடும்பமோ நிலைத்து நிற்கிறது என்று சொல்லிக்கொள்வது நமக்குப் பழகிப்போன ஆறுதல். மறையுரைகளிலும் திருமண வாழ்த்துரைகளிலும் இதைக் கேட்டே வளர்ந்தோம். அயர்லாந்தின் அனுபவத்தை எண்ணும்போது அந்த ஆறுதல் சற்றே ஆட்டங்காண்கிறது.

கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழும் அந்நாடு 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே மணமுறிவைத் தடைசெய்திருந்தது. தடையை நீக்கலாமா என 1986இல் மக்களிடம் கேட்டபோது 63 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் மறுத்தனர். 1995இல் மீண்டும் வாக்கெடுப்பு. 16 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாக்களிக்க, ஏறத்தாழ 9,000 வாக்கு வேறுபாட்டில் தடை நீங்கிற்று. விதிகளை மேலும் தளர்த்த 2019இல் 82 விழுக்காட்டினர் இசைந்தனர். ஒரு தலைமுறைக்குள் இத்துணை மாற்றம்!

விசுவாசம் குன்றியதே காரணம் என்று முடித்துவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், கதவு திறந்ததும் குடும்பங்கள் வெள்ளமெனக் கலைந்தோடவில்லை. ஐரோப்பாவில் மணமுறிவு மிகக் குறைந்த நாடுகளுள் அயர்லாந்து இன்றும் ஒன்று. மேலும், தடை இருந்த காலத்திலேயே பிரிந்து வாழ்ந்தோர் அங்கு இருந்தனர். பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்று, வீட்டிற்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்ட கணவர்களும் இருந்தனர். பதிவேட்டில் அவர்கள் குடும்பத் தலைவர்கள். வீட்டில் அவர்களைக் காணோம்.

நம் நிலை என்ன? 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரம் ஒன்றையே காட்டி மணமுறிவு கோரலாம். மனைவிக்கோ அது மட்டும் போதாது; கொடுமை, ஈராண்டுக் கைவிடல் போன்ற வேறொன்றையும் சேர்த்து எண்பித்தாக வேண்டும். நாடாளுமன்றம் இதைத் திருத்தியது 2001இல்தான். அத்தனை காலமும் நாம் பெருமை பேசிய குடும்பங்களில், போக்கிடமின்றி நின்றவை எத்தனை? நாம் கேட்டதே இல்லை.

திருமணம் முறிவுபடாதது என்னும் போதனையை நாம் ஐயுறவில்லை. அது ஆண்டவரின் வாக்கின்மேல் நிற்பது. அதனாலேயே அது அரசின் பூட்டை நம்பி வாழ வேண்டியதில்லை. கொடுமைக்குள்ளாகும் துணைவர் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடமளிக்கிறது என்பதை நம்மில் பலர் அறியார். மணமுறிவு பெற்று மறுமணம் செய்தோர்கூடத் திருச்சபைக்குப் புறம்பானவர் அல்லர் என, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' நினைவூட்டிற்று.

திருக்குடும்ப விழாவன்று, வெள்ளி விழாக் காணும் தம்பதியரைப் பீடத்தின்முன் அழைத்து ஆசி வழங்குகிறோம். நல்ல வழக்கம். அதே திருப்பலியில், அடி தாளாது பிள்ளைகளுடன் தாய்வீடு திரும்பிய பெண்ணும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்பியக் கூட்டத்திற்கு அவரை அழைக்கலாமா என நாம் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.