நான்கு இலக்கம்

அப்பா இறந்த மூன்றாம் நாள் அவருடைய போனைத் திறந்தோம். கஷ்டமே இல்லை. நான்கு இலக்கம், அவர் பிறந்த வருடம். பேங்க், இன்சூரன்ஸ் வேலைகளுக்கு ஓடிபி வர வேண்டுமே என்றுதான் திறந்தது. அம்மா வாட்ஸ்அப்பையும் திறந்துவிட்டாள்.

அதில் அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தன. மகளின் விவாகரத்து, வட்டிக்கு வாங்கிய கடன், ஓரிடத்தில் அழுகை. அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வந்தபோது, "பொண்ணு இப்ப பரவால்லயாண்ணே?" என்று விசாரித்தாள். வெறும் அக்கறைதான். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். சாப்பிடாமலே கிளம்பினார். அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

"எங்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல, எனக்கெதுக்கு பெரிய பாஸ்வேர்டு?" என்று அப்பா சொல்வார். உண்மைதான், அவரிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த போனில் இருந்தது அவருடையது மட்டுமா?

நான் மென்பொருள்காரன் என்பதால் எனக்கு முதலில் கணக்குதான் தோன்றும். ஐபோனில் கடவுக்குறியை ஒருமுறை சோதித்துப் பார்க்கவே சுமார் 80 மில்லி விநாடி ஆகும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். நான்கு இலக்கத்தில் 10,000 சாத்தியங்கள். தப்பாகப் போட்டால் காக்கவைக்கும் தடையை ஒருவன் தாண்டிவிட்டான் என்றால், பதினான்கு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆறு இலக்கத்துக்கு ஒரு நாள்கூட ஆகாது. சின்ன எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் என்றால் ஐந்தரை வருடம். 2016இல் எஃப்.பி.ஐ.யும் ஆப்பிளும் சண்டை போட்டதே அந்தக் காக்கவைக்கும் தடையை நீக்கித் தரச் சொல்லித்தான். அதுவும் செத்துப்போன ஒருவனின் போன்.

இந்தக் கணக்கு முழுக்க அந்நியனுக்கானது. அம்மா 10,000 முறை முயலவில்லை, ஒருமுறைதான். நெருங்கியவர்களிடமிருந்து பிறந்த வருடம் எதையும் காப்பாற்றாது.

அப்படியானால் நெருங்கியவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் வேண்டுமா? போன வாரம் என் போனில் எழுத்தும் எண்ணும் கலந்து எட்டுக் குறிகள் வைத்தேன். பக்கத்தில் இருந்த மனைவி, "யார்கிட்டருந்துடா மறைக்கிற?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கேட்டாள். அப்பாவின் நண்பர் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. நாளைக்கே உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த லேசான பூட்டு இல்லையென்றால், அம்மா அந்த மாதம் பேங்க் வாசலில் நின்றுகொண்டிருந்திருப்பாள். அப்பா அதை யோசித்து வைத்ததாக நான் நம்பவில்லை, சோம்பல்தான். ஆனாலும் அந்தச் சோம்பலால்தான் எங்கள் காரியம் நடந்தது. அதே சோம்பல்தான் இன்னொருவரின் மானத்தையும் வாங்கியது. பூட்டுக்கு விதவை, வேவு பார்ப்பவன் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. சாவியை யாருக்குக் கொடுப்பது என்பது என் முடிவு. உள்ளே தங்கள் துயரத்தை வைத்துவிட்டுப் போனவர்களை அந்த முடிவில் நான் கேட்கவே இல்லை.

புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அவள் கண்ணெதிரே பீரோவில் வைத்தேன். பிறகு உட்கார்ந்து, ஒரு நண்பன் தன் மோசமான வருடத்தில் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. அவனிடம் கேட்க வேண்டும்.