பல்லிக்கும் கத்தும் அலாரம்

வீட்டில் திருட்டு அலாரம் மாட்டியிருக்கிறீர்களா? மாட்டியவர்களுக்குத் தெரியும். முதல் மாதம் திருடன் வருவதில்லை, பல்லிதான் வரும்!

சுவர் மூலையில் வெள்ளைப் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறதே, அந்த சென்ஸார் பெரும்பாலும் எந்தக் கதிரையும் வீசுவதில்லை. நம் உடம்புச் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளியே வருகிறதல்லவா... அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். சூடு இடம் மாறினால் கத்தும், அவ்வளவுதான். மனிதனா, பூனையா, வெயிலில் சூடேறி ஆடுகிற திரைச்சீலையா என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. அதன் முகத்தின் மீதே ஒரு பல்லி ஊர்ந்துவிட்டால், அதன் கணக்கில் அவன்தான் ஆறடித் திருடன்.

ராத்திரி இரண்டு மணிக்கு நாலு தடவை கத்தினால் என்ன செய்வோம்? சென்ஸிட்டிவிட்டியைக் குறைப்போம். சிலவற்றில் உள்ளே குட்டியாக ஒரு திருகு இருக்கும். சிலவற்றில் செல்போனிலேயே மாற்றிவிடலாம். சரி, எவ்வளவு குறைப்பது? சிக்கல் அங்கேதான்.

புள்ளியியலில் இரண்டு வகைப் பிழைகள் சொல்லித் தருவார்கள். இல்லாததை இருக்கிறது என்பது ஒன்று. இருப்பதை இல்லை என்பது இன்னொன்று. அதே கருவி, அதே இடம் என்றால், ஒன்றைக் குறைக்க மற்றது ஏறும். இரண்டும் பூஜ்யமாகிற இடம் அந்தத் திருகில் கிடையாது. ஆகவே, எந்தத் தப்போடு வாழச் சம்மதம் என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். அதோடு, அந்தத் தப்புக்கு யார் விலை கொடுக்கப் போகிறார்கள் என்றும்!

கூட்டி வைத்தால் தூக்கம் போவது பக்கத்து வீட்டுக்காரருக்கு. மூன்று மாடி ஏறி வருவது வாட்ச்மேன். நம் மனசு என்கிற சென்ஸாரும் அப்படித்தான். ஐந்நூறு ரூபாயைக் காணோம் என்றதும் அது முதலில் கத்துகிற பெயர், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுடையது. நோட்டு சட்டைப் பையிலேயே கிடைத்ததும் நாம் அலாரத்தை அணைத்துவிட்டு காபி குடிக்கப் போய்விடுவோம். அந்த அம்மாவுக்குள் அது அணைவதில்லை.

அப்படியானால் குறைத்துவிடலாமா? திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அடித்தது ஒரு பசு என்பது கதை. 'மாடு உரசியிருக்கும் மன்னா, கயிற்றைக் கொஞ்சம் உயரக் கட்டிவிடலாம்' என்று ஒரு மந்திரி சொல்லி, ராஜாவும் தலையாட்டியிருந்தால்? அரண்மனையில் நிம்மதி இருந்திருக்கும். கன்றுக்கு நீதி கிடைத்திருக்காது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டால், டி.வி. வால்யூமைக் கூட்டுகிறோமே... அது கயிற்றை உயரக் கட்டுவதுதான்.

நம் கோளாறு இதுதான். ஐந்நூறு ரூபாய்க்கு உச்சத்தில் வைத்திருக்கிறோம். அடுத்தவர் அழுகைக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

நல்ல மெக்கானிக் வந்ததும் திருகைத் தொட மாட்டார். ஜன்னலைப் பார்த்திருக்கும் பெட்டியை வேறு சுவருக்கு மாற்றுவார். திரைச்சீலையை ஒதுக்குவார். பிறகு, வீட்டுக்காரரையே அறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கச் சொல்லி, விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்ப்பார். சொந்தக்காரன் மேல்தான் முதல் சோதனை!

அடுத்த தடவை எதையாவது காணோமென்றால், வாய் திறக்கும் முன் உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். திருகெல்லாம் அப்புறம்.