சேர்த்துக்கொள்ளுதல் என்னும் வாக்குறுதி

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஓர் இளைஞன் இருந்தான். தந்தை செங்கற்சூளைத் தொழிலாளி. பத்தாம் வகுப்பை முடித்துப் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்ற அவனுக்கு, பொறியியற் கல்லூரி ஒன்றில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர இடம் கிடைத்தது. தெருவே மகிழ்ந்தது. நாமும் சான்றிதழ் எழுதிக் கொடுத்தோம், முதல் தவணைக் கட்டணத்திற்காக நல்மனத்தோர் சிலரிடம் பேசினோம், வாழ்த்தி அனுப்பினோம். ஒன்றரை ஆண்டு கழிந்து ஒரு மாலையில், பேருந்து நிலையத்தருகே ஒரு கைப்பேசிக் கடையில் அவனை வேலையாளாகக் கண்டோம். "ஒன்பது அரியர், சாமி. படிப்பை விட்டுவிட்டேன்" என்றான். முன்பே நம்மிடம் சொல்லியிருக்கலாகாதா என்று கேட்டோம். "அவ்வளவு பாடுபட்டு அனுப்பி வைத்தீர்கள். எந்த முகத்தோடு வந்து சொல்வது?" என்று தலைகுனிந்தான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இங்கே தோற்றவர் யார் என்னும் வினா நம்மை விடவில்லை.

வாசலைத் திறந்து விடுவதில் நம் தமிழகம் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக நிற்கிறது என்பதில் ஐயமில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்கு 2010-இல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4, தமிழகத்திற்கோ 47. பெருமைப்படத் தக்க எண்தான். ஆயினும் அது சேர்ந்தவர்களின் கணக்கு. முடித்தவர் எத்தனை பேர், இடையில் மூட்டை கட்டியவர் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது. வாசலில் நின்று எண்ணுகிறவன், பின்கட்டு வழியாக வெளியேறுகிறவனைக் காண்பதில்லை.

நம் இளைஞனுக்கு நேர்ந்ததைச் சற்று உள்ளே சென்று பார்ப்போம். பட்டயம் பெற்று வருகிறவர்கள் மூன்றாம் பருவத்தில்தான் கல்லூரிக்குள் நுழைகின்றனர். மற்றவர்கள் முதல் இரு பருவங்களில் கணிதமும் இயற்பியலும் கற்று, ஆங்கில விரிவுரைக்குச் செவி பழகி, விடுதியில் தோழமையும் கொண்டிருப்பார்கள். பல பிரிவுகளில் மூன்றாம் பருவத்துக் கணிதத்தாள், அந்த முதலாண்டுக் கணிதத்தின்மேல் எழுப்பப்பட்ட இரண்டாம் மாடி. படிக்கட்டே ஏறாதவன் அங்கே நிறுத்தப்படுகிறான். பட்டறையில் கடைசல் எந்திரத்தை அவனைப்போல் இயக்க அந்த வகுப்பில் பலருக்குத் தெரியாது. ஆனால் அத்திறமையைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை. விரிவுரையாளர் கேட்கும் வினா புரியாமல் அவன் மௌனம் காக்கிறான். மௌனத்தை மந்தம் என்று பிறர் எண்ணுகின்றனர். நாளடைவில் அவனும் அவ்வாறே எண்ணத் தலைப்படுகிறான். கொடுமை அங்கேதான் நிறைவடைகிறது.

"எல்லாருக்கும் ஒரே வகுப்பு, ஒரே தேர்வு, ஒரே மதிப்பீடு, இதைவிடச் சமத்துவம் வேறென்ன?" என்று கேட்பார் உண்டு. இவ்வினாவை அரிஸ்டாட்டில் பன்னெடுங்காலத்திற்கு முன்பே எடைபோட்டுள்ளார். சமமானவர்க்குச் சமமற்றதைக் கொடுப்பது எவ்வாறு பூசலுக்கு வித்தோ, அவ்வாறே சமமற்றவர்க்குச் சமமானதைக் கொடுப்பதும் என்பது அவர் முடிவு. அவரைப் பின்பற்றிய தோமா அக்குவினாரும் நீதியை இரண்டாகப் பகுத்தார். ஒருவர்க்கொருவர் கொடுத்தும் பெற்றும் தீர்க்க வேண்டியது ஒன்று. பொதுவானதை அவரவர் நிலையறிந்து பங்கிட வேண்டியது மற்றொன்று.

பிந்தங்கிய மாணவனுக்குத் துணைநிற்பதை நாம் பெரும்பாலும் இரக்கச் செயலாகவே கருதுகிறோம். நம் எண்ணம் பிழையானது. ஒருவனைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, "இப்படிப்பை முடிக்க உன்னால் இயலும், அதற்கு வேண்டிய வழியை நாங்கள் அமைத்துத் தருவோம்" என்று வாக்களிக்கிறது. கட்டணம் பெற்றுக்கொண்டபின் அவ்வாக்குறுதி கடனாகிறது. வழியமைக்காமல் வாசலை மட்டும் திறப்பவர், இரக்கம் குறைந்தவர் என்னும் அளவில் நின்றுவிடுவதில்லை. கொடுத்த வாக்கை மீறியவர் ஆகிறார்.

அப்படியாயின் மதிப்பெண்ணைத் தளர்த்தச் சொல்கிறோமா? இல்லை. தளர்ந்த பட்டம் ஏழைக்குச் செய்யும் இரண்டாவது வஞ்சகம். வேலை தேடும் நாளில் அது வெளிப்பட்டுவிடும். இலக்கு அங்கேயே இருக்கட்டும். அதை நோக்கிச் செல்லும் பாதையில் பாலம் வேண்டும் என்பதே நம் வாதம்.

பாலம் கட்ட இயலும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தவர் 2003-இல் நூற்றுக்கு 32 பேரே. 2014-இல் அது 54 ஆயிற்று. கறுப்பின மாணவரும் வறிய மாணவரும் மற்றவர்க்கு ஈடாகத் தேறினர். 2011 முதல், சிறு தொகை நிலுவையால் வெளியேற இருந்தவர்களுக்கு அத்தொகையைப் பல்கலைக்கழகமே ஈடுசெய்தது. 2012 முதல், மதிப்பெண் சரியத் தொடங்கியவுடனேயே ஆலோசகர்கள் மாணவனைத் தேடிச் சென்றனர். அதே நாட்டில் கல்லூரி மாறுவோர் படும்பாட்டைப் பற்றி, அரசுத் தணிக்கை அமைப்பு ஒன்று 2017-இல் அறிக்கை தந்தது. ஏற்கெனவே ஈட்டிய பாட மதிப்பலகுகளில் அவர்கள் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தனர் என்றது அது. உழைத்துப் பெற்றதை மதிக்க மறுப்பதும் ஒருவகைப் பறிப்பே.

நமக்கும் இயலாதவை அல்ல இவை. மூன்றாம் பருவம் தொடங்குமுன் ஆறு வாரக் கணித வகுப்பு, தமிழில் ஐயம் கேட்க ஒரு மணி நேரம், முதல் அரியர் விழுந்த வாரமே "என்ன ஆயிற்று தம்பி?" என்று விசாரிக்கும் ஓர் ஆசிரியர். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை; பொறுப்பு என் தலையில் என்று ஏற்கும் மனம் தேவை.

கல்லூரியை நோக்கி நீட்டிய விரல் நம்மை நோக்கியும் திரும்புகிறது. அவனை அனுப்பிய நாளில் வாழ்த்திய நாம், அடுத்த பதினெட்டு மாதங்களில் ஒரு முறையேனும் அவனைத் தேடிச் சென்று கேட்டோமா? நாம் செய்த உதவியே அவன் வாயைக் கட்டியது. உதவி பெற்றவன் தோல்வியைச் சொல்லக் கூசுவான் என்பதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் மக்களோடு பழகியும் அறியாதிருந்தோம். செய்த பிழைகளுக்காக வருந்தப் பழகிய நாம், செய்யாது விட்டவற்றை எளிதில் மறந்துவிடுகிறோம்.

அக்கடையில் அவன் இன்றும் இருக்கிறான். ஒன்பது தாள்களுள் மூன்றை இப்போது எழுதித் தேறிவிட்டான். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஞாயிறு மாலைகளில் பங்கு இல்லத்தில் அவனுக்குப் பாடம் சொல்கிறார். நாம் செய்வது சிறிது; அறையைத் திறந்து வைத்து, தேநீர் கொடுத்து, "இந்த வாரம் எப்படி?" என்று கேட்கிறோம். முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.