உடைந்த தந்தப்பிடி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் உலகின் பல பாகங்களுக்கும் சவரக்கத்தி செய்து அனுப்பியது. மடித்து வைக்கும் அக்கத்திகளுள் விலை கூடியவற்றுக்கு யானைத்தந்தத்தில் பிடி போட்டார்கள். மெல்லிய இரண்டு தந்தத் தகடுகள். ஒரு முனையில் அலகு சுழல்வதற்கு ஓர் ஆணி. மறுமுனையில் தகடுகளை விலக்கி வைக்க ஓர் ஆப்பு. அவ்வளவுதான் அமைப்பு. அவற்றுள் பலவற்றின் அலகைத் தீட்டினால் இன்றும் சவரம் செய்யலாம். பிடிதான் வெடித்திருக்கும்.

தந்தம் என்பது பல். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சவரக்கத்தியோ தண்ணீரிலேயே புழங்குவது. இரும்பு ஆணி துருவேறிப் பருக்கும்போது, துளையோரத்தில் தொடங்கும் கீறல் தகட்டின் நீளத்துக்கு ஓடுகிறது. சில வேளை ஒரு மூலையே உடைந்து விழுந்துவிடுகிறது.

அந்த மூலையை எதைக்கொண்டு நிரப்புவது? தொழில் தெரிந்தவருக்கு இது சிறிய வேலை. ஆனால் எனக்கு இது ஓர் அறக்கேள்வியாகவே படுகிறது.

வேறு தந்தத்துண்டை ஒட்டி, நிறம் சேர்த்து, உடைந்த அடையாளமே இல்லாமல் செய்யலாம். இன்னோர் உடைந்த கத்தியின் பிடியிலிருந்து எடுத்தால் புதிதாக எந்த யானையும் சாகவில்லையே என்பார்கள். இந்த நியாயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 'பழைய தந்தம்' என்ற பெயருக்குள் ஒளிந்துதான் புதிய தந்தமும் சந்தைக்கு வந்தது. தழும்பில்லாத பிடி, தந்தத்தின் மீதுள்ள ஆசையையும் தழும்பில்லாமலே காப்பாற்றுகிறது.

அத்தந்தம் வந்த வழியையும் பார்க்கவேண்டும். கிழக்காபிரிக்கத் தந்தத்தின் பெருஞ்சந்தை ஸன்ஸிபாரில் இருந்தது. உள்நாட்டிலிருந்து கரைவரை அதை மனிதர்கள் தோளில் சுமந்தார்கள். அவர்களுள் அடிமைகளும் இருந்தனர். அவ்வணிகத்தில் பேரெடுத்தவர், 1905இல் மறைந்த திப்பு திப் எனப்படும் ஹமத் பின் முஹம்மத். ஷெபீல்டைக் குற்றஞ்சாட்டிவிட்டு அந்தப் பெயரை நாம் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நமது பிக்ஹு நூல்கள் தந்தத்தைப் பற்றிப் பேசியிருக்கின்றன. ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்தில் அது நஜீஸ். ஹனபி மத்ஹபில் சுத்தமானது. அங்கே கேட்கப்பட்டது பொருளின் சுத்தம் பற்றி. பொருள் கைக்கு வந்த வழியின் சுத்தம் பற்றிய கேள்வி நமக்கு மிச்சமிருக்கிறது.

அப்படியானால் நொறுக்கிவிடுவதுதானே? 2012இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட, ஆபிரிக்காவிலிருந்து வந்த 359 தந்தங்கள் 2016 ஜனவரி 26ஆம் திகதி காலிமுகத்திடலில் நொறுக்கப்பட்டன. அவை சந்தைக்குப் போகவிருந்தவை. அவற்றுக்கு விலையில்லை என்று அறிவிக்கவேண்டியிருந்தது. வீட்டு அலுமாரியில் கிடக்கும் கத்தியின் நிலை வேறு. அதை நொறுக்கினால் யானையும் திரும்பாது, சுமந்தவனும் திரும்பான். நடந்ததற்கான சாட்சி ஒன்று குறையும்.

2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிரித்தானியாவின் தந்தச் சட்டம், சில விலக்குகள் தவிர, தந்த வியாபாரத்தைத் தடுக்கிறது. வைத்திருப்பதையோ வாரிசுக்குக் கொடுப்பதையோ தடுக்கவில்லை. விலை நீங்கிய பிறகும் ஒருவர் பழுதுபார்க்க அமர்ந்தால், அவர் இலாபத்துக்காக அமரவில்லை.

அவருக்கு என் யோசனை இதுதான். துருவேறிய ஆணியைக் கழற்றிப் புதிது போடுங்கள். பின்னால் வருபவர் வேண்டுமானால் கரைத்தெடுக்கக்கூடிய பசையால் கீறலை மூடுங்கள். உடைந்த மூலைக்கு மாட்டுக்கொம்பில் ஒரு துண்டு வையுங்கள். உணவுக்காக அறுத்த மாட்டில் மிஞ்சுவது அது. நிறம் சேராது, சேரவும் வேண்டாம். கத்தியை எடுக்கும் பேரன் "இது ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்று கேட்பான். அப்போது யானையையும் சொல்லலாம், சுமந்தவனையும் சொல்லலாம்.